ரப்பர் கிராஃபிஷ்ஷும் பாஸ் மீனும்: கேள்வி-பதில்

கே: பாஸ் என்னும் நன்னீர் வேட்டை மீனைப் பிடிக்க, கிராஃபிஷ் (நன்னீரில் வாழும், கொடுக்குள்ள இறால் போன்ற உயிர்) வடிவ ரப்பர் லூரை (போலி இரையை) ஜிக் ஹெட்டில் (எடைத் தலையுள்ள தூண்டில் முள்ளில்) எந்தப் பக்கத்திலிருந்து கோக்க வேண்டும்?

வால் பக்கத்திலிருந்து. கிராஃபிஷ் மிரண்டால் வாலை மடக்கி அடித்துப் பின்பக்கமாகப் பாயும். இழுக்கும்போது வால் முன்னும் கொடுக்குகள் பின்னும் வந்தால்தான் அது தப்பி ஓடுவதுபோல் தெரியும். ஜிக் ஹெட்டை லூரின் பக்கவாட்டில் வைத்து, முள்ளின் வளைவு வரும் இடத்தை நகத்தால் கீறிக்கொள்ளுங்கள். வால் நுனியின் நட்டநடுவில் குத்தி, கீறிய இடத்தில் முதுகு வழியாக முள்ளை வெளியே எடுங்கள். கோணலாகக் கோத்தால் லூர் சுழன்று தூண்டில் நரம்பு முறுக்கிக்கொள்ளும். கரையோரத் தண்ணீரில் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வீசுங்கள்.

கே: ஜிக் ஹெட்டின் எடை எவ்வளவு? நரம்பு எது?

2.5 முதல் 3 அங்குல லூருக்கு, 2 மீட்டர் ஆழம் வரை 1.8 கிராம் போதும். 2 முதல் 4 மீட்டருக்கு 2.8 கிராம். காற்றோ ஆழமோ கூடினால் 4.7 கிராம். அடித்தரையில் பட்டது கைக்குத் தெரியவில்லையென்றால் மட்டும் ஒரு படி ஏற்றுங்கள். கனமான ஹெட் விறுவிறுவென இறங்கிக் கல்லிடுக்கில் போய்ச் செருகிக்கொள்ளும். 10 பவுண்டு தாங்கும் பிரெய்டும் (பின்னல் நரம்பு), அதன் முனையில் 6 முதல் 8 பவுண்டு தாங்கும் ஃபுளோரோகார்பன் லீடரும் (முள்ளோடு சேரும் நரம்புத் துண்டு) ஸ்பின்னிங் ரீலுக்கு (நரம்பு சுற்றும் கருவி) பொருத்தம்.

கே: வீசிய பிறகு எப்படி அசைக்க வேண்டும்? மீன் ஒருமுறைகூடக் கொத்தவில்லை.

பெரும்பாலும் அதிகமாக அசைப்பதுதான் காரணம். லூர் தரை தொட்டதும் நரம்பைச் சற்றுத் தளர்த்தி, 5 முதல் 10 விநாடி அப்படியே விடுங்கள். மிதக்கும் தன்மையுள்ள பிளாஸ்டிக்காக இருந்தால் ஹெட் தரையில் ஊன்றிக்கொள்ள, கொடுக்குகள் இரண்டும் மேலே தூக்கி நிற்கும். எதிரியைப் பார்த்த கிராஃபிஷ் நிற்கும் நிலை அதுதான். பிறகு ராடு (தூண்டில் கோல்) நுனியால் ஒரு சாண் தூரம் மெல்ல இழுங்கள். வண்டல் லேசாகக் கிளம்பினால் போதும். மறுபடி நிறுத்துங்கள். நாலைந்து நிறுத்தத்துக்கு ஒருமுறை மட்டும் சட்டென்று ஒரு சிறு துள்ளல் கொடுக்கலாம். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் துள்ளலை விட்டுவிட்டு நிறுத்தத்தை 20 விநாடியாக்குங்கள்.

உங்கள் லூர் மிதக்குமா என்று அறிய, முள் இல்லாமல் ஒரு குவளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உப்பு கலந்தவை மூழ்கிப் படுத்துவிடும்.

கே: மீன் கொத்துவது தெரிகிறது, ஆனால் லூரின் கொடுக்கு மட்டும் அறுந்து வருகிறது.

மீன் பிடிப்பது கொடுக்கை. முள்ளோ தள்ளி இருக்கிறது. வால் பக்கம் 1 சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்பக் கோத்தால் முள் கொடுக்குக்கு அருகே வரும். கொத்தை உணர்ந்ததும் வெடுக்கென்று இழுக்காதீர்கள். மெல்லிய முள் நிமிர்ந்துவிடும், இல்லையென்றால் லீடர் அறும். தளர்வைச் சுற்றியெடுத்து, கனம் தெரிந்ததும் ராடைப் பக்கவாட்டில் சீராக வீசி இழுங்கள். பல கொத்துகள் "டிக்" என்றுகூடச் சொல்லாது. நரம்பு ஓரமாக நகரும், அவ்வளவுதான். அதனால் கண் நரம்பின்மேலேயே இருக்கட்டும்.

கே: பாறையில் அடிக்கடி மாட்டுகிறது.

பலமாக இழுத்தால் இன்னும் ஆழமாகச் செருகும். நரம்பைத் தளர்த்தி ராடு நுனியை உதறுங்கள். வராவிட்டால், லூர் போன திசைக்கு எதிர்ப்பக்கமாக நகர்ந்து நின்று இழுங்கள். விடுபட்டதும் லீடரின் கடைசி அரை மீட்டரை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டுப் புது முடிச்சு போடுங்கள். பெரிய மீன்கள் கைநழுவுவது பலமுறை இந்தச் சிறு சோம்பலால்தான்.

கே: நிறம்?

தெளிந்த நீரில் பழுப்பு அல்லது பாசிப்பச்சை, கலங்கலில் கருநீலம். கரையோரக் கல் ஒன்றைப் புரட்டினால் அந்த இடத்து கிராஃபிஷ்ஷே விடை சொல்லும். எடை சரியாக இல்லாவிட்டால் நிறம் காப்பாற்றாது.

கே: பெட்டியில் லூர்கள் உருகி ஒட்டிக்கொண்டன. ஏன்?

இழுத்தால் ரப்பர்போல் நீளும் மிதவை வகையையும் சாதாரண பிவிசி வகையையும் ஒன்றாகப் போட்டிருப்பீர்கள். இரண்டும் ஒன்றையொன்று கரைக்கும். மிதவை வகையை அது வந்த உறையிலேயே வையுங்கள். கிழிந்த லூர்களைத் தண்ணீரில் எறியாதீர்கள், மீன் விழுங்கினால் செரிக்காது. ஒரு சிறு பையில் சேர்த்துக் கொண்டுவந்துவிடுங்கள்.