கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட முக்கூர்த்திப் படம்

வணக்கம். கும்பகோணம் வீட்டுக் கூடத்தில் மாட்டிய, நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்காப் படம் ஐப்பசி மழையில் நெளிந்து, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். அதை உரிக்க முயலாதீர்கள்; மேற்பூச்சும் மையும் கண்ணாடியிலேயே தங்கிவிடும். மூலக்கோப்பு இருப்பதால் புதிதாக அச்சிடுவதே மேல்.

இம்முறை பளபளப்புத் தாளை விடுத்து, அமிலமற்ற பருத்தித் தாளில் நிறமி மையால் அச்சிடச் செய்து, படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே இடைவெளி தரும் மவுன்ட் அட்டையை வைத்து, சட்டத்தின் பின்மூலைகளில் ரப்பர் குமிழ்களை ஒட்டிச் சுவரிலிருந்து சற்று விலக்கி மாட்டினால், ஈரம் தங்காமல் காற்றோட்டம் கிடைக்கும். முற்றத்தை ஒட்டிய சுவர் வேண்டவே வேண்டாம். பருத்தித் தாளில் சோலைக்காட்டின் கருநிழல் சற்று வெளிறித் தெரியும் என்பதால், முதலில் சிறு துண்டொன்றை அச்சிட்டுப் பாருங்கள்.

படக்குறிப்பில், முக்கூர்த்தி தேசியப் பூங்காவான ஆண்டாக 1990 என்று மட்டும் போடுவதாகச் சொன்னீர்கள். வரையாடுகளைக் காக்க 1982-இலேயே அந்த இடம் சரணாலயமானது என்பதையும் சேர்க்கலாம்.