ஆள் பெருகினால் வேலை குறையுமா? – வாசகர் கேள்வி பதில்

"வடக்கே இருந்து வர்றவங்களாலதான் எங்க பசங்களுக்கு பனியன் கம்பெனியில வேலை இல்லீங்க. ஆள் பெருகினா வேலை குறையறது நியாயந்தானுங்களே?" – திருப்பூர் வாசகர்

பந்தியில் ஆள் கூடினால் ஆளுக்கு விழும் சோறு குறையும். வேலை அப்படி ஒரே பானையில் வடித்து வைத்ததல்ல. உங்கள் நகரில் 2001-ல் சுமார் 3.4 லட்சம் பேர். 2011-ல் சுமார் 4.4 லட்சம். ஆர்டர் பெருகி வேலை இருந்ததால்தான் அவ்வளவு பேர் வந்தார்கள். வந்தவர் வீட்டு வாடகை தருகிறார், மளிகை வாங்குகிறார், மெஸ்ஸில் சாப்பிடுகிறார். அதில் உள்ளூர்க்காரர் எத்தனையோ பேருக்குப் பிழைப்பு. 2020 ஊரடங்கில் அவர்கள் ஊருக்குப் போனபோது பார்த்தோமே, கம்பெனி திறந்தும் ஆள் கிடைக்காமல் திண்டாடினார்கள். பவர் டேபிளில் (தையல் மெஷினில்) உட்கார ஆளில்லை என்றால் அடுத்திருக்கும் செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் படுத்துவிடும். அங்கே இருப்பது நம் பெண்களும்தான்.

ஆனாலும் உங்கள் ஆதங்கத்தை நான் தள்ளவில்லை. ஒரே வேலைக்கு ஆள் தாராளமாகக் கிடைக்கும்போது பீஸ் ரேட்டை (ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்று தரும் கூலியை) ஏற்றச் சொல்லிப் பேசும் பலம் குறையத்தான் செய்யும். அந்தக் கோபம் கூலியை நிர்ணயிப்பவரிடம் போக வேண்டியது, பக்கத்து டேபிள்காரரிடம் அல்ல.

"வீட்டுத் தறியில நெய்யற அவருக்குத் தார்க்குச்சியில நூல் சுற்றித் தர்றேன். சம்பளம் கிடையாது. அரசாங்கக் கணக்குல நான் வேலையில்லாதவளா?" – சென்னிமலை வாசகி

இல்லைங்கம்மா. குடும்பத் தொழிலில் சம்பளமின்றி உதவுபவரும் வேலையில் இருப்பவராகவே கணக்கு. நாளைக்கே தறியை விட்டு வீட்டு வேலை மட்டும் பார்த்தால், வேலை தேடாதவரை, வேலையில்லாதவர் பட்டியலிலும் வர மாட்டீர்கள். அதனால்தான் வேலையின்மை விகிதத்தை மட்டும் பார்த்து ஒரு ஊரை எடை போடக் கூடாது. நூறு பேரில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

"ஒத்தப் பிள்ளையோட நிறுத்திட்டோம். அவன் காலத்துல போட்டி குறையுமுங்களா?" – கோபிசெட்டிபாளையம் வாசகர்

2019-21 குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை, மக்கள்தொகை நிலையாக நிற்க 2.1 வேண்டும். அவன் வேலை தேடும் நாளில் அவனோடு போட்டிக்கு நிற்பவர் குறைவாக இருக்கலாம். ஆனால் பொருள் வாங்குபவரும் குறைவார்களே, அதனால் வேலையும் குறையலாம்! 2011-லேயே நம் மாநிலத்தில் பத்தில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். பிள்ளைகளும் குறைவு, முதியோரும் இன்னும் பெருகவில்லை என்கிற இடைக்காலம்தான் குடும்பத்துக்கும் நாட்டுக்கும் சேமிக்க வாய்ப்பு. நாம் இப்போது அதன் பின்பாதியில் இருக்கிறோம். அவனைப் படிக்க வைக்கும் செலவில் கை வைக்காதீர்கள்.

"ஆள் பஞ்சம் வந்தா தறிக் கூலி ஏறுமா? பையனை இதுலயே விடலாமுங்களா?" – பல்லடம் வாசகர்

ஆர்டர் இருக்கும்வரை ஏறலாம். ஆனால் கூலி ஏற ஏற முதலாளி ஆட்டோ லூம் (தானியங்கித் தறி) பக்கம் போவார். அங்கே ஒருவரே பல தறியைப் பார்ப்பார். பையனை விடுவதானால் ஆட்டோ லூமைப் பொருத்திப் பழுது பார்க்கும் பிட்டர் வேலை பழக விடுங்கள்.