மூன்று வாரத்தில் அமெரிக்காவின் இருபதாம் நூற்றாண்டு: எதைப் படிப்பது, யாருக்குப் பணம் கொடுக்காமல் இருப்பது

கேள்வி: என் மகன் பதினோராம் வகுப்பு படிக்கிறான். மே மாதம் ஏ.பி. யூ.எஸ். ஹிஸ்டரி தேர்வு (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தர அமெரிக்க வரலாற்றுத் தேர்வு). இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. பள்ளியில் இப்போதுதான் இரண்டாம் உலகப் போருக்கு வந்திருக்கிறார்கள். மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர் சொல்லிவிட்டாராம். பக்கத்தில் உள்ள ஒரு பயிற்சி மையம் இருபதாம் நூற்றாண்டுக்கென்று தனி கிராஷ் கோர்ஸ் நடத்துகிறது. ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள். இந்த ஆண்டு வரப்போகும் டி.பி.க்யூ. தலைப்பையும் கணித்துத் தருவார்களாம். நானும் கணவரும் இந்தியாவில் படித்தவர்கள், எங்களுக்கு அமெரிக்க வரலாறு தெரியாது. சேர்த்துவிடலாமா?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: சேர்க்காதீர்கள். முதலில் அந்தக் கணிப்பு விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

டி.பி.க்யூ. என்பது ஏழு ஆவணங்களைக் கொடுத்து, அவற்றை வைத்து ஒரு கட்டுரை எழுதச் சொல்லும் கேள்வி. மொத்த மதிப்பெண்ணில் 25 சதவீதம் அதற்கு. தலைப்பு 1754 முதல் 1980 வரை எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம் என்று தேர்வை நடத்தும் காலேஜ் போர்டே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. இதற்கு மேல் வெளியில் யாருக்கும் எதுவும் தெரியாது. பயிற்சி மையம் என்ன செய்யும்? முற்போக்குச் சீர்திருத்தம், நியூ டீல் (ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் பொருளாதார மீட்புத் திட்டங்கள்), பனிப்போர், சிவில் உரிமை என்று நாலைந்து பெரிய தலைப்புகளைச் சொல்லி வைக்கும். இந்த நான்கில் ஒன்று எப்போதாவது வரத்தானே செய்யும்! வந்த வருடம் விளம்பரப் பலகையில் ஏறும், வராத வருடம் பேச்சே இருக்காது. நம் ஊர் மார்கழி மாதத்துக் கைடுகளில் 'முக்கிய வினாக்கள்' போடுகிற அதே வித்தைதான், இங்கே டாலரில் நடக்கிறது. போதாக்குறைக்கு, தேர்வில் எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் வருவதுகூட இல்லை.

இதைவிட மோசம், தேர்வுக்கு முதல் நாள் வாட்ஸ்அப் குழுவில் 'கசிந்த கேள்வி' என்று ஒன்று சுற்றும். பெரும்பாலும் பொய். மெய்யாக இருந்துவிட்டால் இன்னும் ஆபத்து, பையனின் மதிப்பெண்ணையே ரத்து செய்ய காலேஜ் போர்டுக்கு அதிகாரம் உண்டு. அந்த மாதிரிக் குழுக்களில் நீங்களும் இருக்க வேண்டாம், பையனும் இருக்க வேண்டாம்.

சரி, படிப்புக்கு வருவோம். பதற்றத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டம் ஒன்பது காலகட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டு அதில் கடைசி மூன்று: 1890–1945க்கு 10 முதல் 17 சதவீதம், 1945–1980க்கு அதே அளவு, 1980க்குப் பிந்தையதற்கு 4 முதல் 6 சதவீதம். உங்கள் பையன் வகுப்பில் விட்டது நடுவில் உள்ள ஒன்றும் கடைசிச் சிறு துண்டும்தான். மூன்று வாரம் இதற்குத் தாராளம்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஏப்ரலில் இரண்டாம் உலகப் போரில் நிற்பது உங்கள் பையனுடைய பள்ளிக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்கி, குடியேற்றக் காலத்தை மூன்று மாதம் ஆற அமர நடத்துவது, உள்நாட்டுப் போருக்குள் போய்விட்டு வெளியே வர மனமில்லாமல் இருப்பது, அப்புறம் வியட்நாம் போரையும் குடியரசுத் தலைவர் நிக்ஸனின் வாட்டர்கேட் ஊழலையும் ஒரே வாரத்தில் காணொளி போட்டு ஓட்டிவிடுவது. 1491இல் தொடங்கி இன்றுவரை வருகிற ஒரு பாடத்தை ஒரே கல்வியாண்டில் முடிக்கச் சொன்னால் இப்படித்தான் ஆகும். திட்டம் போட்டவர்கள் வகுப்பில் நின்று பார்த்தால் தெரியும். பழி என்னவோ கடைசியில் பிள்ளைகள் தலையில் விழுகிறது.

பெற்றோர் செய்யும் பெரிய தவறு, பையனை ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்வது. நாம் அப்படிப் படித்தவர்கள். பானிபட் போர் எந்த ஆண்டு என்றால் தூக்கத்திலும் சொல்வோம். இந்தத் தேர்வு அதைக் கேட்பதில்லை. 55 கொள்குறி வினாக்களும் ஒரு சொற்பொழிவின் பகுதி, ஒரு கேலிச்சித்திரம், ஒரு வரைபடம் என்று எதையாவது கொடுத்து அதன்மேல்தான் வரும். 'இது ஏன் நடந்தது, இதனால் அடுத்து என்ன ஆனது, இதற்கு முன் இப்படி எப்போது நடந்தது' இவ்வளவுதான் கேள்வி. எனவே ஆண்டுகளைத் தனித்தனியாகப் படிக்காமல், ஒன்றிலிருந்து ஒன்று எப்படி வந்தது என்று கோத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒன்றைச் செய்தே காட்டுகிறேன். 1941 ஜூன் 25இல் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஓர் ஆணை பிறப்பித்தார், எண் 8802. போர்த் தளவாடத் தொழிற்சாலைகளில் இனம், நிறம் பார்த்து வேலை மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். பையன் இதை ஆவணமாகப் பார்த்தால் 'ரூஸ்வெல்ட் கறுப்பின மக்களுக்கு நல்லது செய்தார்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவான். அதற்கு மதிப்பெண் சொற்பம். ஏன் அந்தத் தேதி? ரயில் தூங்கும் பெட்டிப் பணியாளர்களின் சங்கத் தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப், ஜூலை 1 அன்று வாஷிங்டனில் பெரும் பேரணி நடத்தப்போவதாக அறிவித்திருந்தார். ஐரோப்பாவில் போர் நடக்கிறது, தொழிற்சாலைகள் முடுக்கிவிடப்பட்டிருக்கின்றன, அந்த நேரத்தில் தலைநகரில் இப்படி ஒரு பேரணி நடந்தால் அரசுக்குத் தலைகுனிவு. ஆணை வந்தது, பேரணி கைவிடப்பட்டது. இந்த இரண்டு வரியைச் சேர்த்து எழுதினால், ஆவணத்தின் நோக்கத்தையும் சூழலையும் விளக்கியதாகிவிடும். டி.பி.க்யூ.வில் அதற்கென்றே ஒரு மதிப்பெண் இருக்கிறது. இரண்டு ஆவணங்களுக்கு இப்படி எழுதினால் போதும்.

இப்போது முன்னும் பின்னும் கோத்துப் பாருங்கள். முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களின் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதனால்தான் ராண்டால்ஃபுக்கு ஆள்பலம் இருந்தது. ஆணை வந்த பிறகும் ராணுவத்தில் இனப் பிரிவினை தொடர்ந்தது. 1948இல் ரூஸ்வெல்ட்டுக்குப் பின் வந்த குடியரசுத் தலைவர் ட்ரூமன் வேறோர் ஆணை போட்ட பிறகே அது முடிவுக்கு வரத் தொடங்கியது. 1954இல் பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்று பிரவுன் வழக்கில் தீர்ப்பு. 1955 டிசம்பரில் மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு. 1963 ஆகஸ்டில், இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நடக்காமல் போன அந்தப் பேரணி வாஷிங்டனில் நடந்தது. தலைமை தாங்கியவர்களில் முதன்மையானவர் அதே ராண்டால்ஃப். அடுத்த இரண்டு ஆண்டுகளில் சிவில் உரிமைச் சட்டமும் வாக்குரிமைச் சட்டமும். பாருங்கள், ஓர் ஆணையைப் பிடித்துக்கொண்டு ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டோம். 'சிவில் உரிமை இயக்கம் 1954இல் தொடங்கியது' என்று எழுதுகிற நூறு பிள்ளைகளுக்கு நடுவில், 1941இலிருந்து தொடங்குகிற பையனைத் திருத்துபவர் கவனிப்பார்.

இதே மாதிரி இன்னும் இரண்டு கோவைகள் போதும். ஒன்று, பனிப்போர். 1947இல் கிரீஸுக்கும் துருக்கிக்கும் உதவி கேட்டு ட்ரூமன் பேசியது, 1948இல் மேற்கு ஐரோப்பாவை மீட்டெடுக்க மார்ஷல் திட்டம், 1949இல் நேட்டோ ராணுவக் கூட்டணி, 1950இல் கொரியப் போர். அதோடு நிறுத்தாமல் உள்நாட்டுக்கும் கொண்டுவர வேண்டும்: பலரைக் கம்யூனிஸ்ட் என்று குற்றம்சாட்டிய செனட்டர் மெக்கார்த்தி, 1956 நெடுஞ்சாலைச் சட்டம், 1957இல் சோவியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்ததும் மறு ஆண்டே கணிதத்துக்கும் அறிவியலுக்கும் மத்திய அரசு பணத்தைக் கொட்டியது. இரண்டாவது கோவை, அரசின் மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கை எப்படிக் கரைந்தது என்பது. வியட்நாம் போருக்கு வழிவிட்ட 1964 டோன்கின் தீர்மானம், அந்தப் போரில் 1968 டெட் தாக்குதல், 1973 எண்ணெய் நெருக்கடி, 1974இல் நிக்ஸன் பதவி விலகல், 1975இல் சைகோன் வீழ்ச்சி, 1980இல் ரேகன் வெற்றி. வியட்நாமின் ஒவ்வொரு சண்டையையும் படிக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் வழக்கமாகக் குழப்பிக்கொள்ளும் இடங்களைப் பையனிடம் நீங்களே வாய்மொழியாகக் கேட்டுப் பார்க்கலாம், பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ரூஸ்வெல்ட் இரண்டு பேர்: தியோடர் 1901 முதல் 1909 வரை, ஃபிராங்க்ளின் 1933 முதல் 1945 வரை. கம்யூனிச பீதியும் இரண்டு: ரஷ்யப் புரட்சியை ஒட்டி 1919–20இல் ஒன்று, மெக்கார்த்தி காலத்தில் இன்னொன்று. நியூ டீல் 1930களுடையது. மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீடு வந்த, குடியரசுத் தலைவர் ஜான்சனின் கிரேட் சொசைட்டித் திட்டம் 1960களுடையது. நியூ டீல் 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தை முடித்துவிட்டது என்று எழுதினால் வெட்டு விழும். 1933இல் கிட்டத்தட்ட நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை, நியூ டீல் அதைக் குறைத்தது. முழுமையாக வேலை கிடைத்தது போர் உற்பத்தியால்தான்.

1980க்குப் பிந்தைய பகுதியை ஒரு மாலையில் புரட்டிவிட்டு விட்டுவிடலாம். டி.பி.க்யூ. அங்கிருந்து வராது. ஆனால் குடியேற்றத்தை மட்டும் விடக் கூடாது. இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் நம் வீட்டுப் பிள்ளைகள் சுலபமாக எழுத வேண்டிய இதில்தான் கோட்டை விடுகிறார்கள். 1917 சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து குடியேறுவதைத் தடுத்தது. 1923இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியான 'வெள்ளையர்' ஆக மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1924 சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீடு கொண்டுவந்து தெற்கு, கிழக்கு ஐரோப்பியரையும் வெகுவாகக் குறைத்தது. 1946இல் கதவு சற்றுத் திறந்து இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 இடம் கிடைத்தது, குடியுரிமை பெறும் வழியும் பிறந்தது. லாகூரில் பிறந்து சென்னையில் படித்த விஞ்ஞானி சந்திரசேகர் 1953இல் அமெரிக்கக் குடிமகனானது அதற்குப் பிறகுதான். 1965 அக்டோபரில் சுதந்திர தேவி சிலையின் காலடியில் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்து, குடும்ப உறவுக்கும் தொழில்திறனுக்கும் முன்னுரிமை கொடுத்தது. இது ஒன்றும் புரட்சிகரமான சட்டம் இல்லை என்று அன்று அவரே சொன்னார். விளைவு நேர்மாறாக ஆனது.

இங்கேதான் வலை இருக்கிறது. சட்டம் 1945–1980 பகுதியில் வரும், விளைவு பெரும்பாலும் 1980க்குப் பிந்தைய பகுதியில் வரும். பிள்ளைகள் எதையாவது ஒன்றை விட்டுவிடுவார்கள். இரண்டாவது, 'இதனால் இந்தியர்கள் வந்தார்கள்' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவார்கள், அப்பா அம்மா கதையாக. ஆசியா, லத்தீன் அமெரிக்கா இரண்டும் வர வேண்டும். அதோடு மேற்கு அரைக்கோளத்துக்கு முதன்முதலாக எண்ணிக்கை வரம்பு விதித்ததும் இதே சட்டம்தான். அதையும் சேர்த்தால், ஒரு சட்டம் ஒரு பக்கம் கதவைத் திறந்து மறுபக்கம் சாத்தியதைக் காட்டியதாகிவிடும்.

எழுத்துப் பயிற்சிக்கு ஒரு காசு செலவில்லை. பழைய எழுத்து வினாக்கள், மதிப்பெண் விதிகள், உண்மையான மாணவர்களின் விடைத்தாள்கள், ஒவ்வொன்றுக்கும் ஏன் இத்தனை மதிப்பெண் என்ற விளக்கம், எல்லாம் காலேஜ் போர்டின் ஏ.பி. சென்ட்ரல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பல மையங்கள் இதையே அச்சடித்து, மேலே தங்கள் முத்திரையைக் குத்தி விற்கின்றன. பழைய புத்தகக் கடையில் கிடைக்கிற கைடுகளையும் தொடாதீர்கள். ஒரு காலத்தில் 80 கொள்குறி வினாக்கள் இருந்தன, தவறான விடைக்கு மதிப்பெண் கழித்தார்கள். இப்போது கழிப்பதில்லை, ஒரு வினாவையும் காலியாக விடக் கூடாது. டி.பி.க்யூ. மதிப்பெண் விதிகளும் 2023க்குப் பிறகு மாறியிருக்கின்றன. முன்பு ஆறு ஆவணங்களை வாதத்துக்குப் பயன்படுத்தச் சொன்னார்கள், இப்போது நான்கு போதும். வாதத்தைப் பல கோணங்களில் ஆழமாக எழுதுவதற்குக் கிடைக்கும் 'காம்ப்ளெக்ஸிட்டி பாயிண்ட்' என்ற ஒரே ஒரு மதிப்பெண்ணுக்குத் தனி வகுப்பு, தனிக் கட்டணம் என்றால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

முதல் வாரம் 1945–1980, வகுப்பில் நடக்காதது அதுதான். இரண்டாம் வாரம் 1890–1945ஐத் திருப்புவதோடு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பழைய வினா ஒன்றை எழுதட்டும்: டி.பி.க்யூ. என்றால் ஒரு மணி நேரம், நீண்ட கட்டுரை என்றால் 40 நிமிடம். நீண்ட கட்டுரையில் மூன்று காலப்பகுதிகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அதில் ஒன்று 1890 முதல் 2001 வரை. இந்த மூன்று வார உழைப்பு நேரடியாக உதவுவது அங்கேதான். எழுதியதைப் பள்ளி ஆசிரியரிடமே கொடுத்துத் திருத்தித் தரக் கேளுங்கள். பாடத்தை முடிக்காதவர், இதையாவது செய்து கொடுக்க வேண்டும். தயங்காமல் மின்னஞ்சல் போடுங்கள். கடைசி வாரம் ஒரு முழு மாதிரித் தேர்வு, மூன்று மணி பதினைந்து நிமிடம், காலையில், போனை உங்களிடம் கொடுத்துவிட்டு.

ஒன்று மறக்க வேண்டாம். தேர்வு இப்போது முழுக்கக் கணினியில், புளூபுக் என்ற செயலியில் நடக்கிறது. சில மையங்கள் இன்னும் நோட்டில் பேனாவால் எழுத வைத்துப் பழக்குகின்றன. வீட்டில் எழுதும் கட்டுரைகளைப் பையன் தட்டச்சு செய்தே பழகட்டும். தேர்வுக்குப் பயன்படுத்தப் போகும் மடிக்கணினி பள்ளி கொடுப்பதா, உங்களுடையதா என்று இந்த வாரமே பள்ளியின் ஏ.பி. ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். உங்களுடையது என்றால் செயலியை இப்போதே இறக்கி, அதிலேயே உள்ள மாதிரித் தேர்வை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.