வாட்ஸ்அப் மட்டுமே தெரிந்த ஆங்கில ஆசிரியை, இணையக் கருவிகளை எங்கிருந்து கற்கத் தொடங்கலாம்?

46 வயதாகிறது, போனில் வாட்ஸ்அப் தவிர எதுவும் தெரியாது, இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வாட்ஸ்அப்பிலிருந்தே தொடங்குங்கள். நானும் அங்கேதான் தொடங்கினேன், உங்களைவிட ஒரு வயது கூடுதலாக.

செஞ்சிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியை நான். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளியை மூடும்வரை வாட்ஸ்அப் தவிர எனக்குத் தெரிந்த தொழில்நுட்பம், கல்வித்துறையின் எமிஸ் செயலியில் வருகைப்பதிவு போடுவதுதான். அதிலும் ஏதாவது மாட்டிக்கொண்டால் கணக்கு சாரைத் தேடிப் போவேன்.

ஊரடங்கில் எல்லோரையும் போல நானும் கூகுள் மீட்டில் வகுப்பு வைத்தேன். 38 பேரில் 6 பேர் வந்தார்கள். வீட்டில் இருப்பது ஒரே போன், அது காலையிலேயே அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி எட்டு மணிக்குப் பிள்ளைகள் கைக்கு வரும்போது அன்றைய டேட்டாவும் தீர்ந்திருக்கும். அதனால் நேரலையை விட்டுவிட்டுக் குரல்பதிவுக்கு மாறினேன். பாடத்தில் ஒரு பத்தியை நிதானமாக வாசித்து ஒரு நிமிடத்துக்குள் பதிவு செய்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். பிள்ளைகள் அதைக் கேட்டு, தாங்களும் வாசித்து, எனக்குத் தனியாக அனுப்ப வேண்டும். இந்தத் 'தனியாக' முக்கியம். குழுவிலேயே போடச் சொன்ன முதல் வாரம் ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் வரத் தொடங்கின பாருங்கள்! பின்னால் ஆடு கத்தும், டிவியில் சீரியல் ஓடும், நடுவில் பிள்ளையின் ஆங்கிலம். மூன்று வருடமாக வகுப்பில் தலை நிமிராத ஒரு பெண், இரவு பத்தேகாலுக்குப் பதிவு அனுப்புவாள், உடனே அழிப்பாள், மறுபடி அனுப்புவாள். நாலாவது தடவைதான் அது நிற்கும். கீழே, "இப்ப கேளுங்க டீச்சர்" என்று ஒரு வரி. வகுப்பில் அவளுக்கு நாலாவது வாய்ப்பு எப்போது கொடுத்தேன்? ஒரு பீரியடில் முதல் வாய்ப்பே எல்லோருக்கும் வருவதில்லை.

என் குரலை நானே கேட்டதில் எனக்கும் ஓர் அடி விழுந்தது. 'டெவலப்' என்ற சொல்லை இருபது வருடமாக முதல் அசையை அழுத்தியே சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். ஏதோ உறுத்தவே, கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் அந்தச் சொல்லைத் தேடி ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டேன். அழுத்தம் இரண்டாம் அசையில், 'வெ'யில் விழுகிறது. யாரும் பக்கத்தில் இல்லைதான், ஆனாலும் வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து பாடத்தின் புதுச் சொற்களை முந்தின இரவே கேட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன். பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டும் அதில் உண்டு, காசும் கேட்பதில்லை.

பள்ளி திறந்த பிறகு கண்டுபிடித்தது, போன் கீபோர்டில் இருக்கும் மைக். மொழியை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு பேசினால் அதுவே எழுதும். ஒரு பையன், தனக்கு ஸ்நாக்ஸ் சாப்பிடப் பிடிக்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னான். திரையில் பாம்பு சாப்பிடப் பிடிக்கும் என்று வந்தது! அவன் வாயில் வந்தது 'ஸ்நேக்ஸ்', போன் என்ன செய்யும்? வகுப்பே உருண்டு சிரித்தது. 'ஆ'வுக்கும் 'ஏ'வுக்கும் நடுவில் நிற்கும் அந்த ஒலி தமிழில் கிடையாது. கரும்பலகையில் எத்தனை முறை சொல்லியும் ஒட்டாதது அன்று ஒட்டியது. பீரியட் முடியும்வரை பாம்பை விரட்டுவதே வேலையாக இருந்தார்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: சரியாகச் சொன்னாலும் போன் சில நேரம் தப்பாக எழுதும். அதை வைத்து மதிப்பெண் போட்டுவிடாதீர்கள்.

கூகுள் ஃபார்ம்ஸில் தேர்வு வைக்க என் மகள் சொல்லிக்கொடுத்தாள். ஒருவர் ஒரு முறைதான் அனுப்பலாம் என்ற அமைப்பைப் போட மறந்துவிட்டேன். ஒரே பையன் எட்டு முறை எழுதியிருந்தான். 3 மதிப்பெண்ணில் தொடங்கி, எட்டாவதில் 10க்கு 10. முதலில் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், தானாகவே எட்டு முறை இலக்கணம் படித்திருக்கிறான். இப்போது வேண்டுமென்றே அந்த அமைப்பைப் போடுவதில்லை.

மற்றவை சுருக்கமாக. 2018 முதல் வந்த நம் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு இருக்கிறது, தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி வரும். பிபிசியின் '6 மினிட் இங்கிலீஷ்' என்ற ஒலி நிகழ்ச்சி உங்களுக்காக, பிள்ளைகளுக்கு அல்ல. பேசுவதன் எழுத்துவடிவமும் கிடைக்கும், பஸ்ஸில் போகும்போது கேட்கலாம். யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்கினால் வேகமான ஆங்கிலமும் பிள்ளைகளுக்குப் பிடிபடும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் பயிற்சி வாக்கியங்கள் கேட்கலாம். என்ன, சும்மா கேட்டால் பனிமனிதனும் சுரங்க ரயிலுமாக வரும். ஏரி, ரேஷன் கடை, மினி பஸ், மாட்டுப் பொங்கல் வைத்து எழுது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொன்னாலும் விடைகளை ஒரு தடவை சரிபாருங்கள்.

ஒரு பயிற்சி வகுப்பில் இரண்டே நாளில் 14 செயலிகளைக் காட்டினார்கள். நோட்டு நிறைய எழுதி வந்தேன், இன்று அதில் இரண்டின் பெயர்கூட நினைவில்லை. எனவே நான் ஒரு பருவத்துக்கு ஒரு கருவி என்று வைத்துக்கொண்டேன். உங்களுக்கு இந்தப் பருவத்துக்குக் குரல்பதிவு போதும். அடுத்த பாடத்தின் முதல் பத்தியை இன்றைக்கே வாசித்துப் பதிவு செய்யுங்கள். மூன்று முறையாவது அழித்துவிட்டு மறுபடி வாசிப்பீர்கள், பரவாயில்லை. வகுப்பில் போட்டுக்காட்ட ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ளுங்கள், அதை முந்தின ராத்திரியே சார்ஜ் போட்டு வையுங்கள். எங்கள் பள்ளியில் கரண்ட் போவது பெரும்பாலும் ஆங்கிலப் பீரியடில்தான்.