பில்ட் ஸ்கிரிப்டை எந்த மொழியில் எழுதுவது?

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சின்னதாக ஒரு நிரல்மொழி உருவாக்குகிறோம். அதன் கொம்பைலர் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றுவது) கோ மொழியில். பில்ட் வேலையை, அதாவது மூல நிரலிலிருந்து ஓடக்கூடிய கொம்பைலரை உருவாக்குவதை, ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) பார்க்கிறது. ஆனால் ஒருவரின் விண்டோஸ் லப்டொப்பில் அது ஓடுவதில்லை. பைத்தனுக்கு மாறலாமா, இல்லை எங்கள் மொழியிலேயே எழுதிவிடலாமா?
- வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: இரண்டும் வேண்டாம், கோ மொழியிலேயே எழுதுங்கள். உங்கள் கொம்பைலரை பில்ட் பண்ண வருகிற எவரிடமும் கோ எப்படியும் இருந்தாக வேண்டும். அதற்கு மேல் இன்னொன்றையும் நிறுவச் சொன்னால், ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற மாணவர் அத்தோடு மூடிவைத்துவிடுவார்.

முதலில் இப்போதைய கோளாறு. அந்த விண்டோஸ் நண்பர் கிட் பாஷில் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளோடு விண்டோஸில் வரும் ஷெல்) ஓட்டியும் சரிவரவில்லை என்றால் வரி முடிவுகளைப் பாருங்கள். விண்டோஸில் கிட்டை வழக்கமான அமைப்பில் நிறுவினால், ஃபைலை இறக்கும்போதே ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைச் சேர்த்துவிடும். ஷெல் அதையும் கட்டளையின் பகுதியாக வாசித்துக் குழம்பும். கிட் அட்ரிபியூட்ஸ் (.gitattributes) ஃபைலில் ஒரு வரி எழுதி இதைத் தடுக்கலாம். ஆனால் இப்படி ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

பைத்தன் மோசமில்லை. ரஸ்ட் மொழியின் பில்டே ஒரு பைத்தன் ஸ்கிரிப்டில்தான் தொடங்குகிறது. அது ஏற்கனவே பில்ட் பண்ணிய கொம்பைலரை இறக்கி, மீதி வேலையை ரஸ்ட் நிரலிடம் ஒப்படைக்கிறது. அவ்வளவு பெரிய குழுவுக்கு அது சரி. பில்ட் வேலைக்கென்றே உள்ள மேக் (make) கருவி, 1976இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. டாப் இருக்க வேண்டிய இடத்தில் இடைவெளி விட்டால் இன்றைக்கும் முறைக்கும். விண்டோஸில் அதைத் தனியாக நிறுவவும் வேண்டும்.

சொந்த மொழி ஆசை எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் கொம்பைலர் உடைந்த அன்று ஸ்கிரிப்டும் சேர்ந்து படுத்துவிடும். கோ கொம்பைலரே 2015 வரை சி மொழியில் இருந்தது. 1.5 பதிப்பில் கோவுக்கே மாறிய பிறகு, அதை மூலத்திலிருந்து பில்ட் பண்ண பழைய 1.4 பதிப்பு தேவைப்பட்டது. உங்களுக்கு இப்போதே அந்தத் தலையிடி எதற்கு?

செய்ய வேண்டியது: பில்ட் என்ற ஃபோல்டரில் ஒரு சின்ன கோ நிரல், 'கோ ரன்' கட்டளையில் ஓடுகிற மாதிரி. ஃபைல் பாதைகளைக் கையால் ஒட்டாமல் கோவின் ஃபைல்பாத் ஜொயின் (filepath.Join) கொண்டு சேருங்கள். அப்புறம், வெளியீட்டுப் பெயரை நீங்களே கொடுத்தால் விண்டோஸுக்கான எக்ஸ்ஈ (.exe) ஒட்டு தானாகச் சேராது. அதையும் நிரலில் போடுங்கள்.