அமெரிக்காவில் ஒரு நீதிபதி டொமினிக்கன் (கரீபியனில் ஸ்பானிஷ் பேசும் டொமினிக்கன் குடியரசுக்காரர்) என்பதைப் போய் ஏன் கொண்டாடுகிறார்கள்? நீதிக்கு இனம் உண்டா?

கேள்வி கேட்டவர் நியூயார்க்கில் வாடகைக்கு இருந்து வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டியதில்லை என்று நினைக்கிறேன். நான் இருப்பது வாஷிங்டன் ஹைட்ஸ், மன்ஹாட்டனின் வடக்குப் பக்கம். தெருவில் இறங்கினால் ஆங்கிலத்தைவிட ஸ்பானிஷ்தான் அதிகம் காதில் விழும். நான் வக்கீல் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மேல்மாடியில் ஒரு டொமினிக்கன் அம்மா. கட்டடம் முழுக்க அவரை 'டோன்யா' என்றுதான் கூப்பிடும், ஸ்பானிஷில் பெரியவர்களை மரியாதையாக 'அம்மா' என்பது மாதிரி. ஒரு குளிர்காலத்தில் ஹீட்டர் படுத்துவிட்டது. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பகலில் வீட்டுக்குள் 68 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது நகரச் சட்டம். வீட்டுக்காரர் போனையே எடுக்கவில்லை. டோன்யா வழக்குப் போட்டார், துணைக்கு என்னைக் கூப்பிட்டார். எனக்கும் அதே குளிர்தானே, போனேன்.

நீதிபதி முன்னால் இருந்த பலகையில் ஸ்பானிஷ் பெயர். அவர் காலை வணக்கம் சொன்ன தினுசிலேயே அவரும் டொமினிக்கன்தான் என்று டோன்யா கண்டுபிடித்து என் முழங்கையை இடித்தார். பிறகு நேராக அவரிடமே ஸ்பானிஷில் ஆரம்பித்துவிட்டார். நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். மொழிபெயர்ப்பாளர் வரும்வரை எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். பதிவில் ஏறுவது ஆங்கிலம், எதிர்த்தரப்புக்கும் எல்லாம் புரிய வேண்டும். தனக்குத் தெரிந்த மொழி என்றாலும் முறை அதுதான். அப்புறம் வீட்டுக்காரரின் வக்கீல் வாய்தா கேட்டார். அதையும் கொடுத்துவிட்டார்.

சலுகை என்று ஒன்றும் நடக்கவில்லை, கவனியுங்கள். ஆனால் கோர்ட் வாசலிலேயே டோன்யா தங்கைக்குப் போன் போட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் புரிந்தது இவ்வளவு: "நம்ம ஊர்ப் பொண்ணு மேலே உட்கார்ந்திருக்கா. அந்த வக்கீல் எழுந்து நின்னு பதில் சொல்றான்." வாய்தா பற்றி ஒரு வார்த்தை இல்லை! ஹீட்டர் அடுத்த தேதிக்குள் சரியானது, அதுவும் நகராட்சி இன்ஸ்பெக்டர் எழுதிய நோட்டீஸால்.

இன்னொரு விஷயம். வீட்டு வழக்கு நீதிபதிகளை நியமிக்கிறார்கள், சரி. ஆனால் நகர சிவில் கோர்ட்டுக்கு 10 வருடம், மாநில சுப்ரீம் கோர்ட்டுக்கு 14 வருடம் என்று நீதிபதிகள் தேர்தலில் நின்று வருகிறார்கள். (பெயரைப் பார்த்து மிரளாதீர்கள், நியூயார்க்கில் சுப்ரீம் கோர்ட் என்பது விசாரணை நீதிமன்றம்தான்.) ஓட்டுப் போட்டவர்கள் கொண்டாடாமல் வேறு யார் கொண்டாடுவார்கள்? அப்படி ஜெயித்து வந்தவர்தான் ரோலாண்டோ அகோஸ்டா. 14 வயதில் அமெரிக்கா வந்து, ஏழைகளுக்கு வாதாடும் சட்ட உதவி வக்கீலாக இருந்தவர். 2017-ல் மன்ஹாட்டன், பிராங்க்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமைக்கு வந்தார். அந்த நாற்காலியில் முதல் டொமினிக்கன். எங்கள் தெரு சலூனில் அவர் தீர்ப்புகளைப் பற்றிப் பேச்சே இல்லை, கொலம்பியா பல்கலையில் அவர் பேஸ்பால் வீசியதைப் பற்றித்தான்.

2009-ல் சோனியா சோட்டோமேயர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோதும் இங்கே கைதட்டினார்கள். ஆனால் அவர் அமெரிக்காவின் கீழ் உள்ள கரீபியன் தீவான போர்த்தோ ரிக்கோ வம்சம். அந்தத் தீவுக்காரர்களுக்கு 1917-லேயே அமெரிக்கக் குடியுரிமை கிடைத்துவிட்டது. டொமினிக்கன்கள் விண்ணப்பம் போட்டு வாங்க வேண்டியவர்கள். 1994-ல் அவர்கள் நாடு இரட்டைக் குடியுரிமையை அனுமதித்த பிறகு பலருக்குத் தயக்கம் போனது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க நான் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! போட்டோவில் காது தெரியவில்லை என்று ஒரு தடவை, கையெழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று இன்னொரு தடவை. விட்டுப் போகிறவனிடம் இவ்வளவு கெடுபிடி எதற்கு? அது வேறு கதை, விடுங்கள்.

'அடையாள அரசியல்' என்று பின்னூட்டத்தில் வருபவர்கள் 1991-ன் ஹெர்னாண்டஸ் எதிர் நியூயார்க் வழக்கைத் தேடிப் படியுங்கள். புரூக்ளினில் ஸ்பானிஷ் தெரிந்த லத்தினோக்களை (லத்தீன் அமெரிக்க வம்சத்தவர்களை) அரசு வக்கீல் ஜூரியிலிருந்து, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவிலிருந்து, நீக்கினார். மொழிபெயர்ப்பாளர் சொல்வதை ஏற்காமல் சாட்சி சொல்வதையே எடுத்துக்கொள்வார்களோ என்று அவருக்குச் சந்தேகமாம். உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஜூரி பெட்டியில் உட்காரவே இந்தப் பாடு. இதற்குப் பிறகும் 'தகுதி' என்று ஆரம்பிப்பவர்களுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.