நூறு பேர் வாழும் ஊருக்கும் பிரான்சில் மேயர் உண்டா?

உண்டு, அந்த ஊர் ஒரு கம்யூனாக இருந்தால். கம்யூன் என்றதும் கூட்டுப் பண்ணை என்று நினைத்துவிட வேண்டாம். 1789 டிசம்பரில் வந்த சட்டத்தால் உருவான, பிரான்சின் மிகச் சிறிய ஆட்சி அலகு அது. துலூஸ் பெருநகரமும் ஒரு கம்யூன்தான், தெற்கே எரோ மாவட்டத்தில் நூற்றுச் சொச்சம் பேர் வாழும் மினேர்வும் ஒரு கம்யூன்தான். மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம், அந்த மன்றம் தேர்ந்தெடுக்கும் மேயர் என்று இரண்டுக்கும் அமைப்பு ஒன்றே. மேயர் அல்லது அவர் சார்பில் ஒருவர் முன்னிலையில்தான் சட்டப்படி திருமணமே நடக்கும்.

மினேர்வ் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். செஸ், பிரியான் என்ற இரண்டு ஆறுகள் சுண்ணாம்புப் பாறையை ஆழமாக அறுத்துப் போட்டிருக்க, நடுவே மேட்டில் நிற்கிறது ஊர். கோடையில் செஸ் வற்றிவிடும். அது குடைந்த பாறைச் சுரங்கத்துக்குள் நடந்தே போகலாம். இந்த வறட்சிதான் 1210-இல் ஊரைக் கவிழ்த்தது. கத்தார் சமயத்தவர் (கத்தோலிக்கத் திருச்சபை மதபேதம் என்று ஒதுக்கிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்; கத்தார் நாட்டவர் அல்ல) இங்கே அடைக்கலம் புகுந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரான சிலுவைப் போரின் தளபதியாக வந்து முற்றுகையிட்ட சிமோன் தெ மோன்ஃபோர், கல்லெறி பொறியால் ஊரின் கிணற்று வழியை நொறுக்கினார். கொளுத்தும் வெயிலில் எத்தனை நாள் தாங்கும்? ஜூலையில் சரணடைந்தார்கள். தங்கள் சமய நம்பிக்கையைக் கைவிட மறுத்த சுமார் 140 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள்.

அவர்கள் நினைவாகத் தேவாலயத்துக்கு அருகே ஒரு கல் நிற்கிறது. அதில் புறா வடிவில் ஒரு துளை. அதன் வழியே வெளிச்சம் தெரியும்.